1956 நமக்கு என்ன கொடுத்தது?

சென்ற நவம்பர் முதல் தேதி நம் சங்கத்தில் ராஜ்யோத்சவக் கொடியேற்றினோம். வழக்கம்போல் கேசரியும் காபியும் ஆயிற்று. கூட்டம் கலையும் நேரத்தில், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். "சார், தப்பா நினைக்காதீங்க. இந்த நாள் நமக்குக் கொண்டாட்டமா, துக்கமா?" என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. "நல்ல கேள்விதான் தம்பி" என்று தோளைத் தட்டிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. கன்னட அன்பர்களுக்கு அது கொண்டாட்டம். பல ராஜ்யங்களில் சிதறிக் கிடந்தவர்கள் 1956 நவம்பர் 1-ம் தேதி ஒரே வீட்டில் சேர்ந்தார்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு அன்று பாதிச் சந்தோஷம், பாதி வருத்தம். கன்னியாகுமரியும் செங்கோட்டையும் வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் தங்கிவிட்ட நமக்கு அந்த வருஷம் என்ன கொடுத்தது? அந்த இளைஞருக்கு நேரில் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் சரித்திர ஆசிரியன் அல்லன். டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் பாலங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன். ஆகவே என் கணக்கும் கொஞ்சம் பாலத்துக் கணக்காகத்தான் இருக்கும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர்

எனக்குச் சொந்த ஊர் பூதிகோட்டை. கோலார் மாவட்டத்தில், பங்காரப்பேட்டைக்குத் தென்மேற்கே இருக்கிறது. பூதி என்றால் சாம்பல், திருநீறு. பழைய கோட்டையின் மிச்சம் இன்றும் உண்டு. ஹைதர் அலி பிறந்த ஊர் என்பதால் சரித்திரப் புத்தகங்களில் ஒரு வரி இடம் பெற்ற ஊர். கிழக்கே கொஞ்ச தூரத்தில் கோலார் தங்கவயல். தெற்கே போனால் கிருஷ்ணகிரிச் சீமை. தென்கிழக்கே ரயிலில் போனால் குப்பம், ஆந்திரம். அதையும் தாண்டினால் ஜோலார்பேட்டை, தமிழ்நாடு. இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் மூன்று மாநிலம் வந்துவிடும். வண்டி எந்த எல்லையிலும் குலுங்காது. தண்டவாளத்துக்கு எல்லை தெரியாது.

என் சிறு வயதில் ஊர்ச் சந்தையில் கன்னடம், தெலுங்கு, தமிழ், உருது நாலும் கேட்கும். ராகி விலை கேட்பது ஒரு பாஷையில், பேரம் பேசுவது இன்னொரு பாஷையில், கோபம் வந்தால் திட்டுவது மூன்றாவது பாஷையில். யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை.

எல்லைக்கோடு என்பது எங்கள் பக்கத்தில் புதிய விஷயமும் அல்ல. இன்று தமிழ்நாட்டில் இருக்கும் கிருஷ்ணகிரிப் பகுதி, அதாவது பாராமகால், ஹைதர், திப்பு காலத்தில் மைசூர் ஆட்சியில் இருந்தது. 1792-ல் நடந்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பிறகுதான் கும்பெனியார் கைக்குப் போயிற்று. அந்தக் கோடு சண்டையில் போட்டது. பாஷையைப் பார்த்துப் போட்டதல்ல.

என் தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். தங்கவயலுக்கு வந்த தொழிலாளர்களில் பெரும்பகுதி அப்படித்தான்: வட ஆற்காடு, சேலம், சித்தூர் ஜில்லாக்களிலிருந்து வந்தவர்கள். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கத்தை ஏற்று நடத்த ஆரம்பித்ததிலிருந்து அந்த வரவு தொடங்கியது. பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி வந்தவர்கள் பலர். உடம்பு தளர்ந்ததும் தாத்தா பூதிகோட்டையில் சின்னதாக ஒரு துண்டு நிலம் வாங்கிக் குடியேறினார். அப்பா வாரம் முழுவதும் தங்கவயலில் லைன் வீட்டில் தங்கிச் சுரங்கத்தில் வேலை செய்துவிட்டு, லீவு நாளில் ஊருக்கு வருவார்.

ஏன் தங்கவயல் இங்கேயே இருந்தது?

"தங்கவயல் முழுக்கத் தமிழர்கள்தானே, அதை ஏன் 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்க்கவில்லை?" என்று நம் சங்கத்திலேயே பலர் கேட்டிருக்கிறார்கள். ஏதோ சதி நடந்ததுபோலப் பேசுகிறவர்களும் உண்டு. எனக்குத் தெரிந்தவரை விஷயம் இதுதான்.

பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதமிருந்து 1952 டிசம்பரில் உயிர் விட்டார். 1953 அக்டோபர் 1-ம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தது. அதையடுத்து மற்ற மொழிக்காரர்களும் கேட்கத் தொடங்கவே, மத்திய அரசு மாநிலச் சீரமைப்புக் குழுவை நியமித்தது. பசல் அலி தலைவர். குன்ஸ்ருவும் பணிக்கரும் உறுப்பினர்கள். 1955 செப்டம்பர் 30-ல் அறிக்கை கொடுத்தார்கள். மொழி ஒன்றை மட்டும் பார்க்கக் கூடாது, நிர்வாகம், போக்குவரத்து, பொருளாதாரம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. பொதுவாக மாவட்டத்தை ஓர் அலகாக வைத்துக்கொண்டார்கள். கிராமம் கிராமமாகப் பிரிக்கவில்லை.

அப்படிப் பார்த்தால் கோலார் மாவட்டத்தில் தமிழர் பெரும்பான்மை அல்லர். அந்நாளில் அங்கே தெலுங்கு பேசுவோரே அதிகம். தங்கவயல் மட்டும் ஒரு தமிழ்த் தீவு. சுற்றிலும் தெலுங்கு, கன்னடக் கிராமங்கள். அந்தத் தீவும் மைசூரை நம்பித்தான் வாழ்ந்தது. 1902-லிருந்து சுரங்கத்துக்கு மின்சாரம் சிவசமுத்திரத்திலிருந்து, 92 மைல் கம்பி வழியாக வந்தது. குடிதண்ணீர் பேத்தமங்கலத்திலிருந்து வந்தது. பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் போகும் ரயில் பாதை 1894-ல் போட்டது. ஒரு இன்ஜினியராகச் சொல்கிறேன்: அதை அறுத்து எடுத்து வேறு இடத்தில் ஒட்டுவது லேசான காரியம் அல்ல.

மேலும் தங்கவயல் 1956-ல் எங்கும் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது எப்போதும் மைசூர் சமஸ்தானத்தில் இருந்தது. மைசூர் ராஜ்யத்திலேயே தொடர்ந்தது. நகர்ந்தது மற்ற இடங்கள். கோயமுத்தூர் ஜில்லாவின் கொள்ளேகால் மைசூருக்கு வந்தது. சென்னை ராஜ்யத்தின் தென் கன்னடம் மைசூருக்கு வந்தது. திருத்தணிக்காக ம.பொ.சி. போராடினார், பட்டாஸ்கர் தீர்ப்பில் கிராமத்தை அலகாக வைத்துப் பார்த்ததால் 1960-ல் அது நமக்குக் கிடைத்தது. அந்த அளவுகோலை வைத்திருந்தாலும் தங்கவயல் தீவாகத்தான் இருந்திருக்கும்.

ஆகவே கோட்டைப் பற்றி அழுவதில் பயன் இல்லை. கோடு போடும்போது எந்தக் கோட்டுக்கும் இரண்டு பக்கமும் ஆட்கள் இருப்பார்கள். அப்படித் தங்கிவிட்டவர்களுக்கு அந்த வருஷம் ஏதாவது எழுதிக் கொடுத்ததா என்பதுதான் கேள்வி.

எழுதிக் கொடுத்த வருஷம்

1956-ஐ நாட்கணக்காகப் பார்த்தால், அது வாக்குக் கொடுத்த வருஷம் என்று தோன்றுகிறது.

ஜனவரியில் ஆயுள் இன்ஷூரன்ஸ் தேசியமயமாயிற்று. செப்டம்பர் 1-ல் 245 கம்பெனிகளையும் சங்கங்களையும் சேர்த்து எல்.ஐ.சி. பிறந்தது. ஏப்ரல் 30-ல் தொழிற்கொள்கைத் தீர்மானம் வந்தது. அரசாங்கமே பொறுப்பேற்க வேண்டிய 17 தொழில்களை அதில் முதல் அட்டவணையில் வைத்தார்கள். ரயில்வே அதில் ஒன்று. தங்கச் சுரங்கமும் அதே அட்டவணையில் இருந்தது. அப்பாவின் தொழிலும் பிற்பாடு என் தொழிலும் ஒரே காகிதத்தில் இருந்தன என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

அந்தத் தீர்மானத்தின் பலன் நவம்பர் 28-ம் தேதி தங்கவயலுக்கு வந்தது. புதிய மைசூர் ராஜ்யம் பிறந்து நான்கு வாரம்கூட முழுசாக ஆகவில்லை. நிஜலிங்கப்பா முதலமைச்சர். சுரங்கங்கள் ராஜ்ய அரசுக்குச் சொந்தமாயின. 76 வருஷம் வெள்ளைக்காரக் கம்பெனி நடத்திய சுரங்கம் சர்க்கார் சொத்தாயிற்று.

அந்த நாளைப் பற்றி அப்பா அடிக்கடி சொல்வார். "அன்னைக்கும் அதே சங்குதான், அதே கூண்டுதான். உள்ளே இறங்கும்போது மட்டும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். 'இனிமே இது நம்மளுது'ன்னு ஒருத்தன் சொன்னான். யாரும் சிரிக்கலை." பத்து வருஷத்துக்கு முன், 1946-ல், அதே தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்து, துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேரைப் பறிகொடுத்தவர்கள். 'நம்முடையது' என்ற வார்த்தையை அவர்கள் லேசாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதே வருஷம் அக்டோபர் 14-ல் நாகபுரியில் டாக்டர் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். வெளியூர்க்காரர்களுக்கு அது புதிய செய்தி. தங்கவயலுக்கு அவ்வளவு புதிது அல்ல. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவர் நடத்திய 'தமிழன்' பத்திரிகையைப் பிற்காலத்தில் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் நடத்தினார். பண்டிதரின் நூல்களைச் சித்தார்த்த புத்தகசாலை தங்கவயலில் இருந்தபடி பதிப்பித்தது. பூமிக்கு அடியில் பாறை உடைத்தவர்கள், மேலே வந்ததும் தமிழில் புத்தகம் போட்டார்கள். தமிழ்நாட்டு எல்லைக்கு வெளியே நடந்த தமிழ்ப்பணிகளில் இது பெரிய ஒன்று என்பேன். ஆகவே டிசம்பர் 6-ல் அம்பேத்கர் மறைந்த செய்தி வந்தபோது லைன் வீடுகளில் அடுப்பு எரியவில்லை என்று அப்பா சொன்னதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

விருதுநகர் சங்கரலிங்கனாரையும் இங்கே நினைக்க வேண்டும். சென்னை ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக ஜூலை 27-ல் உண்ணாவிரதம் தொடங்கி, அக்டோபர் 13-ல் உயிர் விட்டார். பெயர் அமலுக்கு வர 1969 ஜனவரி வரை ஆயிற்று. ஒரு வாக்கு நிறைவேற ஒரு தலைமுறைகூட ஆகும் என்பதற்கு இது சாட்சி.

மருதையாறு

நவம்பர் மாதத்தில் இன்னொன்று நடந்தது. என் தொழிலில் இருப்பவர்கள் அதை மறக்க முடியாது.

செப்டம்பர் 2-ம் தேதி ஹைதராபாத் பக்கம் மெகபூப்நகருக்கு அருகில் பாலம் இடிந்து ரயில் விழுந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்ய முன்வந்தார், நேரு ஏற்கவில்லை. மூன்று மாதம் ஆகவில்லை. நவம்பர் 23 விடியற்காலை, சென்னையிலிருந்து தூத்துக்குடி போன எக்ஸ்பிரஸ், அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்தில் விபத்துக்குள்ளானது. பெருமழையில் ஆறு பெருக்கெடுத்திருந்தது. என்ஜினும் முன்பெட்டிகளும் வெள்ளத்தில் விழுந்தன. ஏறத்தாழ 150 பேர் இறந்தார்கள். சாஸ்திரி மறுபடியும் ராஜினாமா கொடுத்தார். இந்தத் தடவை நேரு ஏற்றுக்கொண்டார். தவறு அவருடையது என்பதால் அல்ல, பொறுப்பு என்றால் என்ன என்பதற்கு அது ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்றே ஏற்பதாகப் பார்லிமெண்டில் சொன்னார்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் எனக்குப் பாலம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். அவர் முதலில் எடுத்த பாடம் அரியலூர்தான். வெள்ளத்தில் பாலம் போவது பெரும்பாலும் மேலே இருந்து அல்ல. தண்ணீர் தூணின் அடியில் மண்ணை அரிக்கும். அல்லது பாலத்தை ஒட்டிய மண் கரையைக் கரைக்கும். மேலே தண்டவாளம் அப்படியே இருக்கும். இருட்டில் டிரைவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். பாரம் ஏறும்போதுதான் அடியில் ஒன்றும் இல்லை என்று தெரியவரும்.

அதனால்தான் மழைக்காலத்தில் ரோந்து போடுகிறோம். ஆபத்தான பாலங்களில் இரவும் பகலும் காவல்காரர் இருப்பார். தூணில் அபாய அளவைப் பெயிண்டில் குறித்திருப்பார்கள். தண்ணீர் அதைத் தொட்டால் வண்டியை நிறுத்த வேண்டியது அவர் கடமை. கையில் விளக்கு, கொடி, தண்டவாளத்தில் வைக்கும் வெடி. அவருக்குச் சம்பளம் குறைவு. ஆனால் கோடி ரூபாய்ப் பாலம் அந்த ராத்திரி அவரை நம்பித்தான் நிற்கிறது. "பாலம் கட்டினவன் பேரு கல்லுல இருக்கும். காப்பாத்தினவன் பேரு எங்கேயும் இருக்காது. நீ இரண்டாவது ஆளா இரு" என்று அந்தப் பெரியவர் சொன்னார்.

நமக்காக எழுதிய பிரிவு

இப்போது அந்த இளைஞரின் கேள்விக்கு வருகிறேன்.

நவம்பர் 1-ம் தேதி மாநிலங்கள் மாறியது எல்லோருக்கும் தெரியும். அதே நாள் அரசியல் சட்டத்தின் ஏழாவது திருத்தமும் அமலுக்கு வந்தது. அதில் 350-ஏ என்று ஒரு புதிய பிரிவு சேர்த்தார்கள். மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் கற்பிக்கப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும், ஒவ்வொரு உள்ளாட்சியும் முயல வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த 350-பி பிரிவின்படி மொழிச் சிறுபான்மையினரின் பாதுகாப்புகளைக் கவனித்து ஜனாதிபதிக்கு அறிக்கை கொடுக்க ஒரு தனி அதிகாரி. கமிஷனர் அலுவலகம் 1957-ல் ஏற்பட்டது.

அந்த வசதி எப்போது கொடுக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. 1949-ல் மாகாணக் கல்வி மந்திரிகள் கூடி எடுத்த முடிவை 1956-ல் மத்திய அரசும் எடுத்துச் சொன்னது. ஒரு பள்ளியில் அந்த மொழி பேசும் பிள்ளைகள் 40 பேர், அல்லது ஒரு வகுப்பில் 10 பேர் இருந்தால், ஒரு ஆசிரியரையாவது நியமிக்க வேண்டும்.

கோடு போட்டவர்களே, கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களையும் நினைத்து எழுதிய பிரிவு இது. மராத்தியில் பேசும் பெல்காம் பிள்ளைக்கும், கன்னடம் பேசும் காசர்கோட்டுப் பிள்ளைக்கும், கன்னடமோ தெலுங்கோ பேசும் ஓசூர்ப் பிள்ளைக்கும், தமிழ் பேசும் தங்கவயல் பிள்ளைக்கும் ஒரே சட்டம். அந்த வருஷம் நமக்குக் கொடுத்தது இதுதான். மண்ணைக் கொடுக்கவில்லை, வாக்குக் கொடுத்தது.

இந்தப் பத்து என்ற எண் என் வாழ்க்கையில் குறுக்கிட்ட கதையைச் சொல்ல வேண்டும்.

1964-ம் வருஷம் ஜூன் மாதம். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தமிழ் வகுப்புக்கு ஒன்பது பிள்ளைகள்தான் சேர்ந்திருந்தார்கள். தமிழ் வாத்தியார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் திண்ணையில் மண் சட்டியை வைத்துக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தேன். நாலு வயது முடிந்து ஒரு மாதம்.

"ஆயா, ஒம்பது பிள்ளைங்க இருக்கு. இன்னும் ஒண்ணு வந்தாத்தான் வகுப்பு நிக்கும். இல்லாட்டி எல்லாரையும் வேற வகுப்புல சேர்த்துடுவாங்க. இவனை அனுப்புங்க."

"அய்யோ வாத்தியாரே, இவன் இன்னும் ராத்திரியில பாயை நனைக்கிற பையன்" என்றாள் என் ஆயா.

வாத்தியார் என்னை நிற்க வைத்து, வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். அந்தக் காலத்தில் ஐந்து வயதுக்கு அதுதான் சர்டிபிகேட். எனக்கு விரல் எட்டவில்லை. வாத்தியார் என் தலையை லேசாகச் சாய்த்தார். தொட்டுவிட்டேன். "அஞ்சு முடிஞ்சுடுச்சு ஆயா" என்று நோட்டில் எழுதிக்கொண்டார். அப்பா லீவில் வந்தபோது விஷயம் தெரிந்து ஒன்றும் சொல்லவில்லை. "வகுப்பு நின்னுதா?" என்று மட்டும் கேட்டாராம்.

வகுப்பு நின்றது. 1960-ல் பிறந்த நான் பள்ளி ரிக்கார்டில் 1959-ல் பிறந்தவன் ஆனேன். அந்தத் தேதிப்படி ரயில்வேயில் 2019-ல் ரிடையர் ஆனேன். ஒரு வருஷச் சம்பளம் போயிற்று. செய்தது சரியென்று சொல்ல மாட்டேன். இன்றைக்கு அப்படிச் செய்யவும் முடியாது. ஆனால் அந்த வருஷத்துச் சம்பளத்துக்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. அந்த வகுப்பில்தான் அ, ஆ படித்தேன். இந்தக் கட்டுரையை எழுதுவது அந்தக் கையால்தான். என்னோடு படித்த மற்ற ஒன்பது பேரும் நாலாம் வகுப்பு வரை தமிழில் படித்தார்கள். கன்னடமும் சேர்த்தே படித்தோம். ஒன்று மற்றொன்றைக் கெடுக்கவில்லை. பிற்பாடு என் கேங் ஆட்களோடு கன்னடத்திலும் தெலுங்கிலும் பேசி வேலை வாங்க எனக்கு எந்தக் கஷ்டமும் இருந்ததில்லை.

வாக்குகள் என்ன ஆயின?

1956 கொடுத்த வாக்குகளில் ஒன்று முறிந்துபோனதை நாமே பார்த்தோம். 'நம்முடையது' என்று சொல்லி இறங்கிய சுரங்கம் 1962-ல் மைசூர் அரசிடமிருந்து மத்திய அரசுக்குப் போயிற்று. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் ஆயிற்று. ஆழம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டியது; கீழே பாறைச் சூடு 60 டிகிரிக்கு மேல்; தங்கம் குறைந்தது; நஷ்டம் கூடியது. 2001 பிப்ரவரி 28-ம் தேதியோடு மூடிவிட்டார்கள். 120 வருஷத்தில் ஏறத்தாழ 800 டன் தங்கம் கொடுத்த பூமி. இன்று அங்கே சயனைடு மேடுகளும் துருப்பிடித்த ஷாஃப்ட் கோபுரங்களும் நிற்கின்றன. மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு விடியற்காலையில் புறப்படும் வண்டிகளில் தங்கவயல் பிள்ளைகள் நின்றுகொண்டே வேலைக்குப் போகிறார்கள். அவர்களில் பலரின் தாத்தாக்கள், 1956-ல் கூண்டில் முகத்தை முகம் பார்த்துக்கொண்டவர்கள்.

அந்த வாக்கைக் காப்பாற்றுவது நம் கையில் இல்லை. பாறையும் விலையும் சர்க்காரும் சேர்ந்து முடிவு செய்தது அது.

ஆனால் 350-ஏ அப்படி அல்ல. அதை யாரும் ரத்து செய்யவில்லை. சட்டப் புத்தகத்தில் அன்றைக்குப் போலவே இருக்கிறது. நான் போய்ப் பார்த்த சில பள்ளிகளில் தமிழ் வகுப்பு நின்றுபோனதற்குக் காரணம் உத்தரவு அல்ல; எண்ணிக்கை. பத்து பேர் இல்லை. நாமே நம் பிள்ளைகளை இங்கிலீஷ் கான்வென்ட்டுக்கு அனுப்பிவிட்டோம். நானும் அனுப்பியவன்தான். என் பேரன் தமிழை நன்றாகப் பேசுவான், படிக்கத் தெரியாது. இதில் பிறர் மேல் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

பாலத்தைப் பற்றி மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும். சட்டம் அப்படியே நிற்கிறது. மேலே தண்டவாளம் பளபளவென்று இருக்கிறது. அடியில் மண் போய்க்கொண்டிருக்கிறது. ரோந்துக்கு ஆள் இல்லை. அந்த வாத்தியார் சைக்கிளில் வீடு வீடாகப் போனது ரோந்துதான். அவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

நம் சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை தமிழ் வகுப்பு நடக்கிறது. போன மாதம் போய் எண்ணிப் பார்த்தேன். ஏழு பிள்ளைகள். என் பேரனையும் சேர்த்தால் எட்டு. அடுத்த வாரத்திலிருந்து அவன் வருகிறான். வருவதற்கு ஒரு கிரிக்கெட் மட்டை லஞ்சம் கொடுத்திருக்கிறேன். இன்னும் இரண்டு பேர் வேண்டும். இதற்கு எந்த மந்திரியிடமும் மனுக் கொடுக்க வேண்டாம். காதைத் தொட்டுப் பார்க்கவும் வேண்டாம். எந்த வயதுப் பிள்ளையானாலும் சரி.

கேள்வி கேட்ட தம்பிக்கு என் பதில்: நவம்பர் 1 நமக்குக் கொண்டாட்டமும் அல்ல, துக்கமும் அல்ல. கன்னட நண்பர்களுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, நாம் டியூட்டிக்குப் போக வேண்டிய நாள். உங்களுக்கு நாலு வயதில் ஒரு பெண் குழந்தை இருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அழைத்துக்கொண்டு வாருங்கள். ஒன்பதாகும்.